கிரீடத்தில் வைத்த குங்குமம்

ஆயுத பூஜை அன்று மற்ற வீடுகளில் மண்வெட்டிக்கும் அரிவாளுக்கும் பொட்டு வைப்பார்கள். எங்கள் வீட்டில் ஒரு ரெட்டைக்குழல் துப்பாக்கிக்கும் வைப்போம். சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் வைத்திருந்த என் அப்பாவுக்கு, காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க என்று லைசென்ஸ் கிடைத்திருந்தது. துப்பாக்கி ஏதோ மலைத் தோட்டத்துத் துரை விட்டுப்போனது, இரண்டு மூன்று கை மாறி அப்பாவிடம் வந்தது என்பார்கள். அதை வைத்து அவர் ஒரு பன்றியைக்கூடச் சுட்டதாக எனக்கு நினைவில்லை. வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடிப்பார். பன்றிகள் ஓடும். எங்கள் வீட்டு நாயும் ஓடும். அதைத் தேடிக் கூட்டிவர நான் போக வேண்டும்.

பூஜை அன்று அப்பா துப்பாக்கியை முழுதாகச் சாமி முன்னால் வைக்க மாட்டார். குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையைக் கழற்றுவார். பிறகு துப்பாக்கியை மடக்கிக் குழலைத் தனியாக எடுப்பார். அதைக் குப்புறக் கவிழ்த்து வாழை இலையில் வைப்பார். குழலின் அடிப்பக்கம், தோட்டா போடுகிற இடத்துக்கு நேர் கீழே, இரும்பு தட்டையாக இருக்கும். மூடியிருக்கும்போது யார் கண்ணுக்கும் படாத இடம் அது. அங்கேதான் முத்திரைகள் எல்லாம் இருந்தன. சாய்சதுரக் கட்டம் ஒன்று, அதற்குள் பன்னிரண்டு என்ற எண். பக்கத்தில் வேறு சில எண்கள். அப்புறம் அரிசி அளவில் சின்னச் சின்னக் கிரீடங்கள்.

அந்தக் கிரீடங்களில்தான் அப்பாவுக்கு அவ்வளவு பக்தி. குங்குமத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து, ஈர்க்குச்சி முனையால் தொட்டு, ஒவ்வொரு கிரீடத்துக்கும் அடியில் ஒரு பொட்டு வைப்பார். "ராசா முத்திரைடா. அவுகளுக்கும் ஒரு மருவாத வேணும்ல" என்பார். துப்பாக்கியைச் சோதித்துப் பார்த்து அடிக்கிற முத்திரை அது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. வருஷத்துக்கு ஒரு பொட்டு, அதன்மேல் இன்னொரு பொட்டு என்று எண்ணெயும் குங்குமமும் அந்தப் பள்ளத்தில் இறுகிப் பவளம்போல் ஆகிவிட்டிருந்தன. கிரீடத்தின் முனை மட்டும் மேலே தெரியும். அதற்குக் கீழே முழுக்கச் சிவப்பு.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். வீட்டில் கஷ்டம் என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் கணக்கு வாத்தியாரின் செருப்புச் சத்தம் கேட்டாலே நான் பள்ளிக்கூடத்துப் பின்சுவர் ஏறிக் குதித்துவிடுவேன். பயம் எனக்குப் பிறவிக் குணம். இப்போது காளவாசல் பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். கடையைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். மழை பெய்தால், என்றோ நான் கட்டிக் கொடுத்த மோட்டார் யார் தோட்டத்திலோ ஷாக் அடிக்குமோ என்று உட்கார்ந்திருப்பேன். யாராவது போன் செய்து நான் எடுக்காமல் விட்டால், அவர்களுக்கு என்ன ஆயிற்றோ என்று அன்றைக்குச் சோறு இறங்காது.

இந்தப் பயத்துக்கு எனக்கு ஒரு மருந்து இருந்தது. என்னோடு எட்டாவது வரை படித்து, அதற்கு மேலும் படித்துக் கல்லூரிக்குப் போன ஒருவன். நான் அவனை மாப்ள என்பேன், அவன் என்னை மாப்ள என்பான். என் அம்மா அவனுக்கு அத்தை. காஸ் சிலிண்டர் வாடை அடிக்கிற மாதிரி இருக்கிறதே என்று அவனுக்குத்தான் போன் செய்வேன். பையனுக்குக் காய்ச்சல் விடவில்லையே என்று அவனிடம்தான் கேட்பேன். எல்லாவற்றுக்கும் அவன் பதில் ஒன்றுதான். "ஒண்ணும் ஆகாது மாப்ள." அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி உட்காரும். எத்தனை தடவை சொல்லியிருப்பான் என்று கணக்கே இல்லை. ஒரு தடவையும் சலித்துக்கொண்டதில்லை.

அவன் இன்சூரன்ஸ் பார்த்தான், நிலம் பார்த்தான், கடைசியில் பழைய பொருள் வியாபாரத்தில் நிலைத்தான். பழைய வீடுகளின் கதவு, நிலை, சுவர்க் கடிகாரம் என்று வாங்கி விற்றுக்கொண்டிருந்தவன், சில வருஷங்களாகப் பழைய துப்பாக்கிகளும் பார்க்க ஆரம்பித்தான். அவன் கையில் துப்பாக்கி வைத்துக்கொள்ள மாட்டான். லைசென்ஸ் உள்ள ஒருவரிடம் இருப்பதை, லைசென்ஸ் உள்ள இன்னொருவருக்குப் பேசி முடித்துவிடுவான். பெரிய வீடுகளில் போய்க் குழலைக் கழற்றி அடியில் உள்ள முத்திரையைப் பார்த்தாலே எந்த ஊரில் செய்தது, எந்தக் காலத்தது, என்ன பெறும் என்று சொல்லிவிடுவான் என்று பேச்சு. எனக்கு அதில் பெருமையாகவே இருந்தது. என் மாப்ள அல்லவா.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைத்துவிட வேண்டும். போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்கலாம், இல்லை துப்பாக்கிக் கடையில் பத்திரமாக விட்டு வைக்கலாம். அப்பா முதலில் ஸ்டேஷனில்தான் கொடுத்துவந்தார். வேட்டியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு போவார். கொடுத்துவிட்டு வந்தபிறகு எனக்கு இருப்புக் கொள்ளாது. துருப் பிடிக்குமே, எலி கடிக்குமே என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். அங்கிருந்த ஏட்டு ஒருவர் என்னைக் கண்டாலே சிரிப்பார்.

"என்னய்யா, ஆஸ்பத்திரில ஆளப் போட்ட மாதிரி வந்து வந்து பாக்குற? ஒன் துப்பாக்கி நேரத்துக்குத் தூங்குது. நேத்து ரெண்டு இட்லி சாப்புட்டுச்சு. போ."

ஒரு மழைக்காலத்தில் அந்த அறை ஒழுகியது. அதிலிருந்து அப்பா மதுரைக்குள் ஒரு துப்பாக்கிக் கடையில் விட ஆரம்பித்தார். போன தேர்தலுக்கும் அங்கேதான் விட்டார். திரும்ப எடுக்க அவர் இல்லை. தேர்தல் முடிவு வருவதற்கு முன்னால் மாரடைப்பில் போய்விட்டார்.

காரியம் எல்லாம் முடிந்தபிறகு கேள்வி வந்தது. துப்பாக்கியை என் பேருக்கு மாற்றி வீட்டுக்குக் கொண்டுவருவதா, இல்லை கைகழுவுவதா. மாற்ற வேண்டுமானால் வாரிசுச் சான்றிதழ், போலீஸ் விசாரணை, டாக்டர் சர்டிபிகேட், சுடப் பழகிய சர்டிபிகேட் என்று ஏகப்பட்டது இருந்தது. அத்தனைக்கும் அலைவதை நினைத்தால் பயமாக இருந்தது. ஆனால் எனக்கு அது வேண்டும். அப்பாவிடமிருந்து எனக்கு வந்ததெல்லாம் பயம்தான், அந்தத் துப்பாக்கியைத் தவிர. அதைக் கையில் பிடித்தபோது மட்டும் அவர் வேறு ஆளாக இருப்பார். அம்மாவுக்கும் அது வீட்டில் இருக்க வேண்டும் என்றுதான் ஆசை. "பூசைக்கு வெறும் அருவாளத்தேன் வைக்கணுமா இனிமே?" என்று கேட்டாள்.

நான் மாப்ளயிடம் சொன்னேன். "போட்டோ எடுத்துட்டு வா. அடிப்பக்கம் முக்கியம்" என்றான். கடைக்குப் போனேன். கடைக்காரர் குழலைக் கழற்றிக் கவிழ்த்துக் காட்டினார். குழலில் ஓர் எண், பின்கட்டையோடு சேர்ந்த இரும்பில் ஓர் எண், முன்கட்டையில் ஓர் எண். மூன்றும் ஒன்றே. "பார்ட் எதுவும் மாறல" என்றார் அவர். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சிவப்புப் பொட்டுகளைப் பார்த்து மட்டும் சிரித்தார்.

காளவாசல் டீக்கடையில் உட்கார்ந்து மாப்ள என் போனை வாங்கினான். விரலால் படத்தைப் பெரிதாக்கினான். நகர்த்தினான். திரும்பப் பெரிதாக்கினான். அவன் டீயில் ஆடை படிந்தது. ஏதோ கெட்ட சேதிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

"பெல்ஜியம் மாப்ள" என்றான்.

"அப்படின்னா?"

"ஒனக்குப் புரியிற மாதிரிச் சொல்றேன். செத்த மோட்டார்ல நல்ல கம்பெனி நேம்பிளேட்ட அடிச்சு விக்கிறாய்ங்கள்ல? அதே கததேன். மேல இங்கிலீசுக் கம்பெனி பேரு, உள்ள மட்டமான சாமான். அந்தக் காலத்துல கப்பல் கப்பலா வந்துச்சு."

"கிரீடம் இருக்கே மாப்ள. ராசா முத்திரைன்னு அப்பா சொல்லுவாரு."

"பெல்ஜியத்துலயும் கிரீடம் உண்டுடா." தன் போனில் ஒரு படத்தைக் காட்டினான். முட்டை மாதிரி ஒரு வளையம். அதற்குள் மூன்று எழுத்து. வளையத்துக்கு மேலே கிரீடம். "இந்தா பாரு. ஒன் துப்பாக்கில மேல கிரீடம் தெரியுது. முட்டை பொட்டுக்கு அடியில கெடக்கு."

"தொடைச்சுப் பாத்துருவமா? மண்ணெண்ணெய் போட்டா போயிரும்."

அவன் என் தோளில் கை வைத்தான். "வேணாம் மாப்ள. அப்பா கையால வச்ச பொட்டு. மனுசன் போயி ஒரு மாசம்கூட ஆகல. அத அழிச்சுத்தேன் பாக்கணுமா? எனக்குத் தெரியாதா?"

அங்கேயே, டீக்கடை பெஞ்சில், எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாவின் பொட்டை எனக்கு மேல் அவன் நினைக்கிறானே என்று.

பிறகு அவன் குழலைப் பற்றிச் சொன்னான். முழு இரும்பைக் கடைந்த குழல் இல்லையாம். இரும்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி ஒட்ட வைத்த குழலாம். மேலே கறுப்பு ஏற்றியிருப்பதால் பின்னல் தெரியவில்லையாம். இப்போது வருகிற தோட்டாவின் வேகத்தை அது தாங்காதாம். "வெடிச்சா எடது கைதேன் மொதல்ல போகும். குழலத் தாங்கிப் பிடிக்கிற கை." நான் என் இடது கையைப் பார்த்தேன். காயில் சுற்றுகிற கை.

"சுட வேணாம். சும்மா வீட்டுல வச்சுக்கிறேனே."

"ஒன் பையன் எடுத்துப் பாத்தா? இல்ல விசாரணைக்கு வாரவன், சுடாத துப்பாக்கி எதுக்குன்னு கேட்டா? வாரிசுக் கேசு இழுத்துக்கிட்டே போகும் மாப்ள. எங்கிட்டாவது ஒரு தேதி தவறுனா ஒன் மேல கேசு. ஆயுதக் கேசு."

இப்போது யோசித்தால் எனக்குத் தெரிகிறது. வாழ்க்கை முழுக்க ஒண்ணும் ஆகாது என்று சொன்னவன், அன்றைக்கு மட்டும் ஆகும் ஆகும் என்றான். கை போகும், பையன் எடுப்பான், கேஸ் வரும். என் தலைக்குள் நானே ஓட்டுகிற படத்தை அவன் எனக்குத் திரும்ப ஓட்டிக் காட்டினான். அந்த ஒரு மாற்றத்தை வைத்தே நான் கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் பயப்படுகிறவனுக்கு, ஒண்ணும் ஆகாது என்று சொல்கிறவன் வாயாலேயே ஆகும் என்று வந்துவிட்டால், அதற்கு மேல் யாரிடம் போய்க் கேட்பது?

அவனே ஆளையும் கூட்டி வந்தான். வெளியூர்க்காரர், லைசென்ஸ் உள்ளவர், பழைய துப்பாக்கி சேர்க்கிறவர். சுடுவதற்கு இல்லை, சுவரில் மாட்டுவதற்கு என்றான். அம்மாவும் நானும் ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்துப் போட்டோம். அனுமதி எல்லாம் முறைப்படி வந்து, கடையிலிருந்தே துப்பாக்கி கைமாறிப் போனது. கிடைத்தது ஒரு பழைய மோட்டாரின் விலைதான். அதைப் பற்றி எனக்கு அப்போது ஒன்றும் இல்லை. இடது கை தப்பித்தது என்றுதான் இருந்தது. மாப்ளக்குக் கமிஷன் கொடுக்கப் போனேன். கோபப்பட்டான்.

"கமிஷனா? நம்ம அப்பா துப்பாக்கிடா அது. அத்தைகிட்ட ஒரு கவுளி வெத்தல வாங்கிக்கிறேன், போதும்."

அம்மா நல்ல இளங்கொழுந்தாகப் பார்த்து எடுத்து, வாழைப்பட்டையில் கட்டிக் கொடுத்தாள். "பெத்த பிள்ளைக்கு மேல" என்று அவன் போனபிறகு சொன்னாள்.

துப்பாக்கி போய்விட்டது. பயம் போகவில்லை. வாங்கியவர் ஆசைப்பட்டு ஒரு தோட்டா போட்டுச் சுட்டு, அவர் கை போய்விட்டால்? தெரிந்தே கொடுத்த பாவம் எனக்குத்தானே? மாப்ளக்குப் போன் செய்தேன்.

"மாப்ள, அவருகிட்ட சுட வேணாம்னு நல்லாச் சொல்லிட்டியா?"

"சொல்லியாச்சு மாப்ள."

"எழுதிக் குடுத்துருவமா?"

"டேய். ஒண்ணும் ஆகாது. போயி காயிலக் கட்டு."

சிரித்தான். அது வழக்கமான சிரிப்புத்தான். எனக்கு மட்டும் அந்த மருந்து அன்று பாதிதான் வேலை செய்தது. பழைய துப்பாக்கி வெடித்தால் என்ன ஆகும் என்று போனில் தேட ஆரம்பித்தேன். தமிழில் பேசித் தேடலாம் என்பதால் எனக்குக் கஷ்டமில்லை. பார்க்கப் பார்க்கப் போன் எனக்குத் துப்பாக்கியாகவே காட்ட ஆரம்பித்தது. சாப்பாட்டு நேரத்தில் கடையில் உட்கார்ந்து அதையே பார்ப்பேன். கம்பி சுற்றிய குழல் எப்படி இருக்கும், அதில் அலை அலையாகக் கோடு எப்படி ஓடும், பெல்ஜியத்து முட்டை எங்கே இருக்கும், இங்கிலாந்து முத்திரை எப்படி இருக்கும் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். இப்போதைய தோட்டாவில் இருக்கிற புகையில்லாத வெடிமருந்து போட்டுச் சோதித்துப் பாஸான குழலுக்குக் கிரீடத்தின் கீழ் தனி எழுத்து உண்டு என்பதும் அப்படித்தான் தெரிந்தது. அந்த எழுத்து இருந்தால் குழல் இரும்புக் குழல், நல்ல குழல் என்று நம்பலாமாம். நம்முடையதில் அது இல்லையே என்று பெருமூச்சு விட்டுக்கொண்டேன்.

ஒரு நாள் சாம்பார் சாதத்தைப் பாதியில் வைத்துவிட்டேன். போனில் ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. பச்சைத் துணி விரித்த மேஜை. அதன்மேல் குப்புறக் கவிழ்த்த ஒரு ரெட்டைக்குழல். எங்கள் துப்பாக்கியை வாங்கிய அதே மனிதர் பேசிக்கொண்டிருந்தார். கேமரா கிட்டே போனது. கிரீடம். கிரீடத்துக்குக் கீழே சிவப்பு.

கூட்டத்தில் அம்மாவின் மூக்குத்தியைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா? அப்படித்தான் தெரிந்தது.

"இது பாருங்க, ஏதோ சிவப்பா அடைச்சிருக்கு" என்றார் அவர்.

அப்போது கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அண்ணே, அந்தச் செகப்பத் தொடைங்க. அடியில எழுத்து இருக்கு."

அவர் காது குடைகிற பஞ்சுக் குச்சி ஒன்றை எண்ணெயில் தொட்டுத் தேய்த்தார். லேசில் வரவில்லை. பல் தேய்க்கும் பிரஷ்ஷை எடுத்தார். அப்பா வருஷா வருஷம் வைத்தது, மேலிருந்து ஒவ்வொன்றாகக் கரைந்து, பச்சைத் துணியில் கறையாக ஒழுகியது. பிரஷ் நின்றது. முட்டை இல்லை. கிரீடத்துக்குக் கீழே நேராக, பளிச்சென்று, நேற்று அடித்த மாதிரி இரண்டு எழுத்து. மோட்டார் நேம்பிளேட் படித்தே இங்கிலீஷ் எழுத்துப் பழகியவன் நான். எனக்கு அது நன்றாகவே படிக்க வந்தது. புகையில்லாத வெடிமருந்துக்குப் பாஸான எழுத்து.

அவர் குஷியாகிவிட்டார். இங்கிலாந்தில் சோதித்த குழல், இரும்புக் குழல், மூன்று எண்ணும் ஒத்துப்போகிறது, இப்படி ஒன்று நம் பக்கத்தில் கிடைப்பது அபூர்வம் என்று அடுக்கிக்கொண்டே போனார். விலை என்ன என்று பலர் கேட்கிறீர்கள், இதை நான் விற்கப் போவதில்லை என்று முடித்தார்.

பயந்தவன் முதலில் தன்னைத்தான் சந்தேகப்படுவான். வேறு துப்பாக்கியாக இருக்கலாம் என்று நினைத்தேன். என் போனில் இருந்த படத்தை எடுத்து எண்ணை ஒத்துப் பார்த்தேன். ஒன்றே. குரல் வேறு யாருடையதாகவாவது இருக்கலாம் என்று நினைத்தேன். அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அந்தக் குரலை எனக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. என் பயத்தை எல்லாம் இத்தனை வருஷமாக இறக்கிவைத்த குரல் அது. கடைசியாக, இதை அவன் அப்போதுதான் கண்டுபிடித்திருப்பான் என்று நினைத்தேன். அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் அழகர்கோவில் ரோட்டுக்கு வண்டியை எடுத்தேன்.

அங்கே தகரக் கூரை போட்ட கொட்டகையில் பழைய கதவுகளைச் சாத்தி வைத்திருப்பான். நான் போனபோது ஒரு நிலைக்கு மெழுகு போட்டுக்கொண்டிருந்தான்.

"வா மாப்ள. என்னா மூஞ்சி கருகுன காயில் மாதிரி இருக்கு? எந்த மோட்டார் புடுங்கிக்கிச்சு?"

"வீடியோ பாத்தேன்."

"எந்த வீடியோ?"

நான் வீடியோவைப் போட்டுப் போனை நீட்டினேன். அவன் குரல் கொட்டகைக்குள் கேட்டது. அந்தச் செகப்பத் தொடைங்க. அவன் மெழுகுத் துணியை மடித்துக் கீழே வைத்தான்.

"இவரு இதெல்லாம் வெளிய போடுவாருன்னு நான் நெனைக்கல" என்றான்.

அதைத்தான் முதலில் சொன்னான். நான் அதற்குப் பிறகும் கேட்டேன்.

"எழுத்து இருக்குன்னு ஒனக்கு எப்பத் தெரியும் மாப்ள?"

"அன்னைக்குத்தேன். தொடைக்கும்போது."

"தொடைக்கிறதுக்கு முன்னாடியே சொல்ற. அடியில எழுத்து இருக்குன்னு."

அவன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. "வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்டா நீ. எட்டாவதோட நின்னுட்ட."

"டீக்கடையில நான் தொடைக்கவான்னு கேட்டேன். நீ வேணாம்ன. அப்பா கையால வச்ச பொட்டுன்ன."

கொட்டகைக்கு வெளியே, கோயிலுக்குப் போகிற வேன் ஒன்று உருமி மேளச் சத்தத்தோடு போயிற்று. அவன் மெழுகு டப்பாவை மூடி நகர்த்தி வைத்தான்.

"இங்க பாரு" என்றான். "ஒனக்கு அத வச்சுக்கத் தெரியாது. மாசத்துக்கு எத்தன தரம் ஸ்டேஷனுக்கும் கடைக்கும் ஓடியிருப்ப? அம்புட்டு வெல பெறும்னு தெரிஞ்சா நீ தூங்கியிருப்பியா? திருடன் வருவான்னு வாசல்லயே உக்காந்துருப்ப. ஒன்னய அதுலருந்து காப்பாத்துனேன்னு வச்சுக்கயேன்."

"நான் வெலைக்கா கேட்டேன்? வச்சுக்கணும்னுதான கேட்டேன்."

"சரிடா. அவருகிட்ட நான் வாங்குனதுல ஒனக்கும் ஏதாவது ஒரு தொகை தாரேன். ஆனது ஆகிப்போச்சு. விடு." எழுந்து வந்து என் தோளில் கை வைத்தான். டீக்கடையில் வைத்த அதே தோள். "ஒண்ணும் ஆகாது மாப்ள."

நான் எதிர்பார்த்தது நடக்கவில்லை. அதாவது, எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வார்த்தையைக் கேட்டதும் வழக்கம்போல நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி உட்காரத்தான் பார்த்தது. அத்தனை வருஷப் பழக்கம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவன் கையை எடுத்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். வழியில், இதற்கு முன்னால் அவன் ஒண்ணும் ஆகாது என்று சொன்னதிலெல்லாம் எது நிஜம், எது பொய் என்று ஒவ்வொன்றாக யோசிக்க ஆரம்பித்தேன். காஸ் சிலிண்டர் அன்றைக்கு நிஜமாகவே ஒழுகவில்லையா? வீட்டுக்கு வந்ததும் முதலில் போய் அதைத்தான் முகர்ந்து பார்த்தேன்.

துப்பாக்கி சட்டப்படி வாங்கியவருடையது. நாங்கள்தான் கையெழுத்துப் போட்டோம். அதை நான் யாரிடமும் கொண்டுபோகவில்லை.

இந்த வருஷ ஆயுத பூஜைக்கு அம்மா என் கடைக்கு வந்தாள். சுற்றுகிற மிஷின், டெஸ்டர், திருப்புளி, ரிப்பேருக்கு வந்து கிடக்கிற மோட்டார்கள் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தோம். பொரி, கடலை, அவல் எடுத்து வைத்தாள். ஒரு ஓரத்தில் வாழைப்பட்டையில் கட்டிய வெற்றிலைக் கவுளி ஒன்று இருந்தது. ஆயுத பூஜைக்கு மாப்ள வராமல் இருந்ததில்லை.

"அவன் இன்னும் வரலையே. போன் போட்டியா?"

"வரமாட்டாம்மா."

"ஏன், என்னாச்சு அவனுக்கு?"

அந்த வீடியோவைப் போட்டு அவள் கையில் கொடுத்தேன். அம்மா போனைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தாள். முதலில் சந்தோஷப்பட்டாள். "அட, நம்ம துப்பாக்கி. நல்லாத் துணியெல்லாம் விரிச்சு வச்சிருக்காக." பிறகு குரல் வந்தது. "இது நம்ம மாப்ள கொரலுல்ல?" என்று அதற்கும் சிரித்தாள். பிரஷ் தேய்க்க ஆரம்பித்தபோதுதான் சிரிப்பு நின்றது.

"அப்பா வச்சதையா தொடைக்கச் சொல்றான்?"

"ஆமா."

"அழிக்கக் கூடாதுன்னு அவந்தான சொன்னான்னு சொன்ன?"

"ஆமாம்மா."

அவளுக்கு முத்திரை தெரியாது, எழுத்துத் தெரியாது, விலை தெரியாது. நான் எதையும் விளக்கவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு அந்தக் கவுளியை எடுத்து மடியில் வைத்து, பட்டையைப் பிரித்து, பொரி வாங்க வந்தவர்களுக்கெல்லாம் பாக்கு வைத்து இரண்டிரண்டு வெற்றிலையாகக் கொடுக்க ஆரம்பித்தாள். பக்கத்து டயர் கடைக்காரர், "இம்புட்டு இளசா எங்க புடிச்சீக?" என்று கேட்டார். "வீட்டுக்கு வச்சிருந்தது" என்றாள்.

சாயங்காலம் கற்பூரம் காட்டி முடித்து ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன். போன் அடித்தது. அவன் பெயர். ஒவ்வொரு வருஷமும், பொரி மிச்சம் இருக்கா என்று போனில் கேட்டுவிட்டுத்தான் வருவான். அம்மா என்னைப் பார்த்தாள், போனைப் பார்க்கவில்லை. அது பலகையின்மேல் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து, சந்தனம் வைத்த திருப்புளியில் முட்டி நின்று, ஓய்ந்தது.

இரண்டாம் தடவை அடிக்கவில்லை. அவனுக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று என் கை தானாகப் போனுக்குப் போனது. திரும்பக் கூப்பிடாமல் அதைப் பையில் போட்டுக்கொண்டு, அம்மாவோடு வெளியே வந்து ஷட்டரை முழுக்க இறக்கிப் பூட்டினேன். பூட்டை இழுத்துப் பார்த்தேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து, இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன்.